மே மாதம் ஹோமுக்கு ஊழியத்துக்குப் போகலாமா?

கேள்வி – 9 ஏப்ரல் 2025

எங்கள் கல்லூரி ஜெபக் குழுவிலிருந்து இருபது பேர், செமஸ்டர் முடிந்ததும் மே முதல் வாரம் தென்காசிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்தில் தங்கி ஊழியம் செய்வதாகத் திட்டம். பாட்டு, பப்பட் ஷோ, விளையாட்டு, ஒரு சுவருக்குப் பெயின்ட். சீனியர் அண்ணன் ஒருவர், "இந்த மாதிரிப் பயணத்தால் பிள்ளைகளுக்குக் கெடுதல்தான், அந்தப் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள்" என்கிறார். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லி வேதமே சொல்லும்போது இது எப்படிக் கெடுதலாகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஏப்ரல், இரவு

மே மாதம் போகாதீர்கள் தம்பி. போனால் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

கேலி செய்யவில்லை. கல்லூரி முடித்த பிறகு சில வருடம் தென்மாவட்டத்தில் ஒரு பெண்பிள்ளைகள் ஹோமில் மாலைப் படிப்புக்கு டியூட்டராக இருந்தேன். முழு ஆண்டுத் தேர்வின் கடைசிப் பரீட்சை அன்று மத்தியானமே கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிடும். அம்மா, ஆச்சி, அத்தை, தாய்மாமன், சில சமயம் அப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்த அண்ணன். ஆபீஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டு, பிள்ளையையும் டிரங்குப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மறுநாள் காலை சாப்பாட்டு மணி அடித்தால் அத்தனை நீள ஹாலில் ஒரு பந்தி நிறையாது.

மிச்சம் இருக்கும் ஐந்தாறு பேருக்குத்தான் நிஜமாகவே யாரும் இல்லை. மற்ற எல்லோரையும் கூட்டிப்போக ஒரு ஆள் வந்ததே, அதை முதலில் யோசியுங்கள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

10 ஏப்ரல்

"அப்படியானால் ஹோம்காரர்கள் அநாதைகள் என்று பொய் சொல்லிப் பணம் வாங்குகிறார்களா?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட இடங்களும் உண்டு. நான் இருந்த இடம் அப்படி இல்லை. அங்கே சேர்க்கைப் படிவத்திலேயே தாய் பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதியிருக்கும். நன்கொடையாளர்களுக்குப் போகும் மடலில்தான் அந்தத் தாய் காணாமல் போய்விடுவாள்.

காரணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அப்பா குடித்து இறந்திருப்பார், இல்லையென்றால் பைக்கில் அடிபட்டு. அம்மா பீடி சுற்றுவாள். இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனி, இல்லை கேரளாவில் வீட்டு வேலை. பெண் பெரியவளாகும் வயது. வாடகைக் குடிசைக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்காது. யாரோ சபையில், "ஹோமில் விட்டால் மூணு வேளை சாப்பாடும் படிப்பும் கிடைக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். அவளும் விடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். கம்போடியாவில் எடுத்த கணக்கும் ஏறக்குறைய அதையே காட்டியது. அங்கே வெளிநாட்டு இளைஞர்கள் வர வர இல்லங்களும் பெருகின.

தம்பி காட்டுவது யாக்கோபு 1:27. அதில் திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளையும் சேர்த்துத்தான் விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. நாம் பிள்ளைகளைப் பார்க்க வேன் பிடிக்கிறோம். விதவையைப் பார்க்க யாரும் வேன் பிடித்து நான் பார்த்ததில்லை. அந்த வசனத்தில் வரும் இரண்டு பேரும் பல நேரம் ஒரே வீட்டுக்காரர்கள்.

11 ஏப்ரல்

"பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், எவ்வளவு ஏக்கம்" என்று சாட்சி சொல்லாத குழுவே கிடையாது.

எங்களிடம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். யார் வந்தாலும் இரண்டு நிமிடத்தில் மடியில் ஏறிவிடுவாள். வந்த அக்காமார் கண்ணீர் விடுவார்கள். சிலிண்டர் போட வந்தவர் உட்கார்ந்து ரசீது எழுதியபோது அவர் மடியிலும் ஏறினாள். வார்டன் அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்.

சொந்த வீட்டில் வளரும் அந்த வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மா முந்தானைக்குள் ஒளியும். ஒளிய முந்தானை இல்லாத பிள்ளை எல்லோரிடமும் போகும். இதைப் பற்றி 1951-லேயே ஜான் பவுல்பி என்ற ஆங்கில மனநல மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். பிறகு ருமேனியாவின் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளை வைத்து நீண்ட ஆய்வே நடந்தது. ஆள் மாறி ஆள் வந்து கொஞ்சிவிட்டுப் போகிற இடத்தில் இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிடும். பின்னால் யார் கூப்பிட்டாலும் போகிற பெண்ணாக வளர்ந்தால் அது அவளுக்கு ஆபத்து.

13 ஏப்ரல்

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இன்று கொஞ்சம் லேசான விஷயம். அந்தப் பெயின்ட்.

எங்கள் ஹோமின் பின்பக்கச் சுவர் ஒன்று ஊழியக் குழுக்களுக்கென்றே நேர்ந்துவிட்டது. ஒரு வருடம் வந்த கல்லூரி, யோனாவையும் பெரிய மீனையும் வரைந்தது. அடுத்து வந்தவர்கள் அதன் மேல் வெள்ளை அடித்து நோவாவின் பேழை. மழைக்கு மேல் பூச்சு உரிந்ததும் பேழைக்கு அடியில் மீனின் வால் தெரிய ஆரம்பித்தது. அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது என்று வையுங்கள். மூன்றாவது குழு வந்து, "சுவர் ரொம்ப மோசமா இருக்கே, நாங்க பெயின்ட் அடிக்கிறோம்" என்றபோது வார்டன் அம்மா சிரிக்காமல், "சந்தோஷம்பா, சாரமும் நீங்களே கொண்டு வந்துருங்க" என்றார்.

அதே நேரத்தில் குளியலறையில் இரண்டு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. உடைந்த தாழ்ப்பாள் ஒன்று நூலால் கட்டியிருந்தது. யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பிளம்பர் கூலி போட்டோவில் விழாது.

சாப்பாடும் அப்படித்தான். ஆபீஸில் ஒரு டைரி. பிறந்தநாள், கல்யாணநாள், நினைவுநாள் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஆறு மாதம் முன்பே புக் ஆகியிருக்கும். ஞாயிறு மத்தியானம் ஒருவர் பிரியாணி, சாயங்காலம் இன்னொருவர் பிரியாணி, பிள்ளைகளுக்கு இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. புதன்கிழமை கேட்டால் சாம்பாரில் காய் தேட வேண்டும். சமையல் அக்காவின் சம்பளத்துக்கு ஸ்பான்சர் தருகிறேன் என்று யாரும் போன் செய்து நான் பார்த்ததில்லை.

15 ஏப்ரல்

சீனியர் அண்ணன் சொன்ன "பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள்" என்பதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் வருகிற இடத்தில் பிள்ளைகள் குறைந்தால் பணமும் குறையும். அப்போது, "இந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம்" என்று சொல்ல எந்த நிர்வாகிக்கு மனம் வரும்? நல்ல மனிதர்களே தயங்குவார்கள். அனுப்புவதென்றால் பேர் பார்த்து, காரணம் கேட்டு அனுப்புங்கள்.

17 ஏப்ரல்

கீழே ஒரு அண்ணன் எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். போர்டிங்கிலேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வளர்ந்தவர். கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால்: "ஆராய்ச்சி பேசுகிறவர்கள் யாரும் போர்டிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைக் கழித்ததில்லை. எங்களுக்கு அந்த அண்ணன்மார் வருவதுதான் வாரத்தில் ஒரே வெளிச்சம். ஆங்கிலத்தில் நான் பாஸானதே ஒரு கல்லூரி அண்ணன் டென்ஸ் சொல்லிக் கொடுத்ததால். அவர்களும் வராதிருந்தால் நாங்கள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், வேலை நிறைய. யோசித்துவிட்டு வருகிறேன்.

18 ஏப்ரல், இரவு

மும்மணி தியான ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோதும் அதுவேதான் மனதில். (இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவது வந்தபோது இன்னும் அதிகம். சிலுவையில் தொங்கும்போதும் விதவைத் தாயை யார் வீட்டில் விடுவது என்ற கவலை.)

அந்த அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: அந்த டென்ஸ் அண்ணன் எப்போதெல்லாம் வருவார்? பதில் வந்துவிட்டது. பக்கத்து டவுன் கல்லூரியாம். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வருவாராம். பரீட்சை இருந்தால் முந்தின வாரமே, "அடுத்த வாரம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாராம். டிகிரி முடியும்வரை அதே ஆள். போகும்போது ஜூனியர் ஒருவரைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனாராம். பாட்டுப் பாடினாரா என்று கேட்டால், "பாடுவார், ஆனால் குரல் சகிக்காது" என்கிறார்.

ஆக, முந்தின குறிப்புகளில் நான் பேசிய தொனியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். வெளியாள் வருவது கெடுதல் இல்லை. வேனில் வந்து ஒரு வாரம் உயிரையே கொடுப்பதுபோல் கொஞ்சி, கடைசி நாள் எல்லோரையும் அழவைத்துவிட்டு, மறுபடி தலைகாட்டாமல் போவதுதான் பிரச்சினை. பெட்டி மூடியின் உள்பக்கம் அக்காமார், அண்ணன்மார் போன் நம்பர்களைப் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள் பிள்ளைகள். ஹோம் போனிலிருந்து மாதம் ஒரு தடவை பேச அனுமதி. "நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை" என்ற குரலைக் கேட்டு போனை வைத்துவிட்டு, "அக்கா வேலைல இருப்பாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

22 ஏப்ரல்

ஈஸ்டர் வாழ்த்துகள், இரண்டு நாள் தாமதமாக.

மாணவர்கள் குழந்தைகள் இல்லங்களுக்குப் போய் ஊழியம் செய்வது ஏதோ அமெரிக்கர்கள் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேனும் டீ-சர்ட்டும் புதுசு. விஷயம் பழசு, அதிலும் தமிழோடு நேரடித் தொடர்பு உள்ள பழசு. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1690-களில் அநாதை இல்லம் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் படித்த ஏழை மாணவர்களுக்கு அங்கே இலவசச் சாப்பாடு. அதற்குப் பதிலாக அவர்கள் இல்லத்தின் பள்ளிகளில் பாடம் நடத்த வேண்டும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வகுப்பில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள். வந்தவர்களுக்கும் பசி, இருந்தவர்களுக்கும் பசி. யாரும் யாருக்கும் இரக்கம் காட்டுகிற இடமாக அது இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஹாலேயில் கொஞ்ச காலம் படித்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குதான் 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்து இறங்கினார். தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பியதும் அதே ஹாலேதான். தரங்கம்பாடியில் அதைக் கொண்டு புதிய ஏற்பாடு அச்சாகி 1715-இல் முடிந்தது. நம் வீட்டு வேதப் புத்தகத்தின் வம்சாவளியில் ஒரு அநாதை இல்லம் இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஹாலேக்காரர்கள் அறிக்கைகளாக அச்சிட்டு ஐரோப்பா முழுக்க அனுப்பினார்கள், காணிக்கையும் வந்தது. அது வேறு கதை. நன்கொடையாளர் மடல் என்ற ஜாதிக்கு அதுதான் பாட்டி என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

24 ஏப்ரல்

டோனாவூர் குழந்தைகள் இல்லத்தைப் பற்றி எழுதாமல் நெல்லைக்காரர்கள் விடமாட்டார்கள் என்று தெரியும், எழுதிவிட்டார்கள். "அதைத் தொடங்கிய அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரும் வெளியாள்தானே, அவர் வராதிருந்தால்?" நியாயமான கேள்வி.

அவர் 1895-இல் இந்தியா வந்தார். 1901 மார்ச்சில் கோயிலிலிருந்து தப்பி வந்த சிறுமி ஒருத்தி அவரிடம் சேர்ந்தாள், டோனாவூர் பணி அங்கிருந்துதான் வளர்ந்தது. 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர் கடைசி இருபது ஆண்டும் பெரும்பாலும் தன் அறையிலேயே கழித்தார். 1951 ஜனவரியில் அங்கேயே இறந்தார். வந்ததிலிருந்து சாகும்வரை ஒருமுறைகூட ஊருக்கு விடுப்பில் போகவில்லை. கல்லறையில் பேர் பொறித்த கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, தாய் என்ற பொருள் தரும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

இதை ஒரு வாரப் பயணத்துக்கு ஆதரவாகக் காட்டுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

மறுபக்கத்துக்கும் ஒரு உதாரணம். ஹெய்தியில் 2010 ஜனவரி 12 பூகம்பம். மாதம் முடிவதற்குள் பத்து அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குள் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். அங்கே அநாதை இல்லம் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

25 ஏப்ரல்

ஹெய்தி என்றதும் ஒருவர் நாகப்பட்டினம் ஞாபகப்படுத்தினார். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் கல்லூரியிலிருந்தும் ஒரு குழு போனது, நானும் போனேன். பழைய துணி மூட்டைகளை அவிழ்க்கக்கூட ஆள் இல்லாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை பேர் வந்தார்கள் என்பது பலருக்கு மறந்திருக்கும். அரசு அப்போது தத்துக் கொடுப்பதை நிறுத்தி வைத்து, அங்கேயே அன்னை சத்யா காப்பகத்தைத் தொடங்கியது. "ஏன் தடுக்கிறார்கள், நம் சபையில் எடுத்து வளர்க்கலாமே" என்று அன்று எங்கள் பஸ்ஸில் சூடான பேச்சு. அத்தையும் சித்தியும் கேம்ப் கேம்பாகத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தத் தடை சரிதான் என்று இன்று சொல்வேன்.

2 மே

தம்பி மூன்று நாளாக ஆளைக் காணோம், பரீட்சை போல. அவருக்கு இல்லை என்றாலும் வேறு குழுக்கள் படிப்பதாகத் தெரிகிறது, அதனால் சட்டம் பற்றிச் சுருக்கமாக.

இல்லம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டம் 41-ஆம் பிரிவில் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, இல்லை ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், இல்லை இரண்டும். கேட்டதும் முகம் சுளித்தால் அங்கே போகாதீர்கள். பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் உள்ளே இருக்க வேண்டும். குடும்பத்தோடு வளர்ப்பதுதான் முதல் வழி, இல்லம் கடைசி வழி என்பதும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிற கொள்கைதான். சீனியர் அண்ணன் தானாகக் கண்டுபிடித்தது இல்லை.

போட்டோ: 74-ஆம் பிரிவு. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் பேர், முகம், பள்ளி எதையும் வெளியே தெரியும்படி போடக் கூடாது. போட்டால் ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். "முகத்துக்கு ஸ்மைலி வைத்துப் போடலாமா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். போடாமலே இருக்கலாம்.

பெண்பிள்ளைகள் இல்லத்தில் வெளியாட்கள் இரவு தங்குவது பற்றி நான் சொல்லவே வேண்டாம். நல்ல இல்லம் நீங்கள் கேட்கும் முன்பே "முடியாது" என்று சொல்லும். தங்க இடம் தருகிறோம், எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்கிற இடத்தைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

3 மே

"சட்டம் பேசுகிற நீங்கள் சுவிசேஷத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே" என்று ஒரு ஐயா கடிந்திருக்கிறார்.

எழுதுகிறேன் ஐயா. பப்பட் ஷோ முடிந்ததும், "யாரெல்லாம் இயேசுவை உள்ளத்தில் ஏற்றுக்கொள்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்" என்பார்கள். எல்லாக் கையும் தூக்கும். போன மாதம் வந்த குழுவுக்கும் அதே கைகள்தான் தூக்கின. கை தூக்கிய பிறகுதான் பிஸ்கட் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. எங்கள் ஆறாம் வகுப்புக்காரி ஒருத்தி அந்த வருடம் மட்டும் எத்தனையோ தடவை இரட்சிக்கப்பட்டாள், ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையில் ஏறினாள்.

இதில் சிரிப்பு மட்டும் இல்லை. தட்டில் சோறு போடுகிற கை கேட்கிறபோது ஒரு பிள்ளையால் "இல்லை" என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் "ஆம்" என்பதற்கும் அர்த்தம் இல்லை. இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் பாதிக்குப் பாதி இருப்பார்கள். மே மாதம் ஊர்ப் போய் அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுத்துவிட்டு ஜூனில் திரும்பி வருவார்கள். கதை சொல்லுங்கள், பாடுங்கள், கிறிஸ்தவ இல்லத்தில் அது இயல்புதான். கை எண்ணாதீர்கள்.

16 ஜூன்

தம்பி திரும்பி வந்துவிட்டார்! மே பயணம் ரத்து. குழுவில் பாதிப் பேருக்குக் கோபம், டீ-சர்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதாம். (டீ-சர்ட்டைச் சமையல் அக்காவுக்குக் கொடுங்கள் என்றேன், சிரிக்கும் பொம்மை அனுப்பினார்.)

பள்ளி திறந்ததும் அவர்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு ஆண்பிள்ளைகள் இல்லம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் தென்காசிக்கு வேன் போயிருக்கிறது. கண்காணிப்பாளர் முதல் கேள்வியே, "எத்தனை வாரம் வருவீங்க?" என்று கேட்டாராம். ஆறு பேர் மட்டும் போவதாக முடிவு, ஒன்பதாம் பத்தாம் வகுப்புக் கணக்கு. நல்ல முடிவு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: முதல் மாதம் பையன்கள் உங்களைச் சட்டை செய்ய மாட்டார்கள். எத்தனை பேர் வந்து போனதைப் பார்த்தவர்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் பின்னத்தை ஆரம்பியுங்கள். ஒன்பதாம் வகுப்பு வந்தும் பின்னம் தெரியாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

30 ஜூலை

தம்பி எழுதுகிறார்: "அக்கா, பின்னம் தெரியவில்லை."

21 செப்டம்பர்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, காலாண்டுத் தேர்வு. இதற்குள் ஒரு புது விஷயம் நடந்திருக்கிறது, இந்த இழைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு "அன்புக்கரங்கள்" என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இதற்கு முன்பே மத்திய அரசின் மிஷன் வத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமம் என்றால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள், நகரம் என்றால் 96,000-க்குள் இருக்க வேண்டும். விதவைத் தாயின் பிள்ளை என்றால் கேட்கலாம். நான் டியூட்டராக இருந்த காலத்தில் இப்படி ஒரு தொகை மாதாமாதம் வந்திருந்தால் என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே படித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். தாழ்ப்பாள் சரியில்லாத குடிசைக்கு 2,000 ரூபாய் போதாது, அதுவும் தெரியும்.

தம்பி, உங்கள் குழுவில் மீதிப் பதினாலு பேர் சும்மா இருக்கிறார்களே, அவர்களுக்கு வேலை இருக்கிறது. இந்தப் பணம் கேட்கத் தெரியாத அம்மாக்கள்தான் அதிகம். தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்: கணவரின் இறப்புச் சான்றிதழ். திருப்பூரில் இறந்தவருக்குத் திருப்பூரில்தான் பதிவு. உடலை ஊருக்கு எடுத்து வந்து அடக்கம் செய்த அவசரத்தில் அதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் உத்தரவு வரை போக வேண்டும். பீடி சுற்றுகிற பெண் அதற்கு எத்தனை நாள் கூலியை விடுவாள்?

இல்லக் கண்காணிப்பாளரிடம், எந்த எந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு இது தேவைப்படும் என்று கேளுங்கள். அவர் பட்டியல் தர யோசித்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் கலெக்டர் ஆபீஸ் வட்டாரத்தில் இருக்கும், அங்கே நேராகப் போய், "படிவம் நிரப்ப உதவி வேண்டுமா" என்று கேளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் இவற்றின் நகல் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொருவருக்கும் தனிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் பிள்ளை பேர் விட்டுப்போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அதற்கே ஒரு மாதம் ஓடும். உங்கள் குழுவில் உள்ள பெண்களையும் கூட்டிப்போங்கள். அம்மாக்கள் அவர்களிடம்தான் பேசுவார்கள். திங்கட்கிழமை வேண்டாம், கலெக்டர் ஆபீஸில் மனு நாள், உள்ளே நுழையவே முடியாது.